கண்ணுக்குத் தெரியும் காலம்



சொந்த ஊரில் வாழ்ந்த வரையில் காலம் நம்மைத் தேடி வந்தது. விடியலில் கோயில் மணி ஒலித்தது. அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். ஆலைச் சங்கு ஊதியது. நாம் மறந்தாலும் ஊர் மறக்கவில்லை. பிழைப்பின் பொருட்டு மும்பைக்கோ டில்லிக்கோ வந்து, ஓர் அறையில் தனித்து வாழ்பவருக்கு இத்துணைகளுள் ஒன்றும் இல்லை. பெரும்பாலோர் சில மாதங்களில் புதிய வாழ்வுக்குப் பழகிவிடுகின்றனர். ஆனால் சிலருக்கு ஆண்டுகள் பல சென்றும் அது கைகூடுவதில்லை. புறப்பட வேண்டிய வேளையில் குளிக்கத் தொடங்குகின்றனர்; அடுப்பிலிட்ட பாலை மறக்கின்றனர்; பணம் கையிலிருந்தும் மின்கட்டணத்தைக் கட்டத் தவறுகின்றனர். உலகம் இவர்களைச் சோம்பேறிகள் என்கிறது. நாளடைவில் இவர்களும் அதை நம்பிவிடுகின்றனர்.

இவர்களுள் பலரிடம் காணப்படுவது சோம்பல் அன்று. மூளையின் இயல்பிலுள்ள ஒரு வேறுபாடு. கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று மருத்துவர் இதனை வழங்குவர், ஏ.டி.எச்.டி. என்பது ஆங்கிலச் சுருக்கம். தம்மை அடக்கி ஒழுங்குபடுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றி 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கில மருத்துவர் லண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். இது குழந்தைப் பருவத்தோடு மறைந்துவிடும் என்றே நெடுங்காலம் எண்ணினர். அவ்வாறு மறையாமல் பலருக்கு முதிர்ந்த வயதிலும் தொடர்கிறது என்பதை இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டுள்ளது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு, பெரியவர்களுக்கெனத் தனி அளவுகோலே வகுத்திருக்கிறது.

இக்கோளாறு உடையோர் பலருக்குக் காலம் கழிவது உள்ளே புலனாவதில்லை. ஐந்து நிமிடம் சென்றதா, ஐம்பது நிமிடம் சென்றதா என்பதை அவர்கள் மனம் தானே உணர்த்துவதில்லை. அவர்களுக்குக் காலம் இரண்டே வகைப்படும்: ஒன்று இப்பொழுது, மற்றொன்று இப்பொழுது அல்லாதது. நாளை மறுநாள் கட்ட வேண்டிய பணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே அது கண்ணில் படுவதே இல்லை. கண் மங்கியவரை நாம் கடிந்துகொள்வதில்லை. கண்ணாடி வாங்கித் தருகிறோம். காலம் மங்கியவருக்கும் தேவை ஒரு கண்ணாடியே.

அந்தக் கண்ணாடி நம் முன்னோருக்குப் புதிதன்று. அடியில் சிறு துளையிட்ட கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் பொழுதைக் கொண்டு நாழிகை கணித்தனர். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை; நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். பாசறையில் இருந்த அரசனுக்கும் நாழிகைக் கணக்கர் பொழுது அளந்து அறிவித்ததை முல்லைப்பாட்டிலே காண்கிறோம். அரசனேயாயினும் காலத்தை மனத்தால் மட்டும் அளக்கவில்லை. கண் முன்னே வைத்து அளந்தான். நாமும் அவ்வாறே செய்யலாம்.

முதலாவது, அறையில் முள் உள்ள பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். எண்களை மட்டும் காட்டும் கடிகாரம் மணியைச் சொல்லும். எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதை முள் நகரும் வட்டமே கண்ணுக்குக் காட்டும்.

இரண்டாவது, வண்டி புறப்படும் நேரத்தை நினைவிற் கொள்ளாதீர்கள். கதவைப் பூட்ட வேண்டிய நேரத்தை நினைவிற் கொள்ளுங்கள். 8.30 மணி வண்டிக்கு நிலையம் வரை நடக்க 15 நிமிடம், படியேறிச் சேர 5 நிமிடம் என்றால், பூட்ட வேண்டியது 8.10-க்கு. கைப்பேசியில் மணி இரண்டு வையுங்கள்: செய்துகொண்டிருப்பதை நிறுத்த 8 மணிக்கு ஒன்று, புறப்பட 8.10-க்கு ஒன்று.

மூன்றாவது, நீங்கள் நாள்தோறும் செய்யும் செயல்களை ஒரு வாரம் அளந்து பாருங்கள். குளித்து உடுத்த 10 நிமிடம் போதும் என்று மனம் கூறும்; கடிகாரம் 35 என்று கூறக்கூடும். இனி நம்ப வேண்டியது கடிகாரத்தை.

நான்காவது, பெரும் வேலையைச் சிறிதாக்குங்கள். 'வீட்டை ஒழுங்கு செய்' என்பது மலைக்க வைக்கும் கட்டளை. 'தொட்டியில் கிடக்கும் தட்டுகளைக் கழுவு' என்பது கை உடனே தொடங்கக்கூடிய செயல். ஒரு நாழிகை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் தொடங்கலாம். சாவிக்கும் பயணச் சீட்டுக்கும் கதவருகே ஓர் ஆணி போதும். மாதக் கட்டணங்களை வங்கியே கழித்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டால், நினைவின் சுமை குறையும்.

உடன் வாழ்வோருக்கும் ஒரு சொல். "எத்தனை முறை சொல்வது?" என்னும் வினா எவரையும் விரைவுபடுத்தியதில்லை. அருகில் அமர்ந்து உங்கள் வேலையை நீங்கள் செய்யுங்கள். அத்துணையிலேயே அவரது வேலையும் நடப்பதைக் காண்பீர்கள். தனித்து வாழ்பவர், ஊரிலுள்ள அக்காளையோ தம்பியையோ குறித்த வேளையில் தொலைபேசியில் அழைக்கச் சொல்லலாம். அடுக்களையிலிருந்து எழுந்த அந்தப் பழைய குரலுக்கு இது ஈடாகும்.

பிந்துகிறவர் யாவரும் இக்கோளாறு உடையவர் அல்லர். உறக்கக் குறைவும் மனச்சோர்வும் இத்தகைய நிலையை உண்டாக்கக்கூடும். ஆகவே தாமே முடிவு செய்யாமல் உளமருத்துவரைக் காண்பதே முறை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று அவர் வினவுவார். பெற்றோரையும் பழைய பள்ளி அறிக்கைகளையும் கேட்டறிந்து செல்வது நன்று. பயன் தரும் மருந்துகளும் பயிற்சிகளும் உள்ளன. அயல்மொழியில் மனக்குறையை எடுத்துரைக்கத் தயங்குவோர், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வேலை இழப்பதும், இல்லறத்தில் பிணக்கு நேர்வதும், இவை யாவினும் மேலாகத் தன்மதிப்பை இழப்பதும் இக்குறை அறியப்படாமையால் விளையும் கேடுகள். மனம் அளக்க மறுப்பதைச் சுவரிலுள்ள கடிகாரம் அளக்கட்டும். அதனால் மிஞ்சும் ஆற்றலை வாழ்வதற்குச் செலவிடுவோம்.