சோவியத் காசும் நமது கண்மூடித்தனமும்



சோவியத் நாட்டின் பழைய வெண்கலக் காசுகளைச் சேர்ப்பது பற்றி இன்று நம்மைப் பேசச் சொன்னார்கள். "செல்லாக் காசைச் சேர்ப்பதும் ஒரு காரியமா? அதற்கு இங்கே என்ன வேலை?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஆகவே நாம் ஏமாந்த கதையையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில வருஷங்களுக்கு முன் பழங்காசு வியாபாரி ஒருவர் 1924-ம் வருஷத்திய ஐந்து கோபெக் செம்புக் காசு ஒன்றை நம்மிடம் காட்டினார். நூறு கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். அந்த வருஷத்துச் செம்புக் காசுகளில் விளிம்பு வரிவரியாக இருப்பவையும் உண்டு. வழவழப்பாக இருப்பவையும் உண்டு. வழவழப்பானது கிடைப்பது அருமை, விலையும் பலமடங்கு. அவர் காட்டியது வழவழப்பானது. பூமி உருண்டையின்மேல் அரிவாளும் சுத்தியலும், கீழே உதிக்கும் சூரியன், இருபுறமும் கோதுமைக் கதிர், சுற்றிலும் எல்லா நாட்டுத் தொழிலாளரையும் ஒன்றுசேரச் சொல்லும் வாசகம். அதைக் கண்டதும் நமக்கு என்ன ஆயிற்று தெரியுமா? பேரம் பேசவே வெட்கமாய்ப் போய்விட்டது! கேட்ட பணத்தைக் கொடுத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வந்தோம். விபூதி வாங்குகிறவன் எப்படி வாங்குவானோ அப்படி!

வீட்டுக்கு வந்த பிறகுதான் பத்தர் கடைத் தராசில் வைத்தோம். அந்தக் காசு 16.38 கிராம் இருக்கவேண்டும். முக்கால் கிராமுக்குமேல் குறைந்தது. தேய்ந்த காசானால் குறைவது இயற்கை. ஆனால் முகப்பில் எழுத்தும் கதிரும் கொஞ்சமும் தேயவில்லை. குறுக்களவு 32 மில்லிமீட்டரும் இல்லை. விளிம்பை மட்டும் யாரோ அரத்தால் அராவி மெருகேற்றியிருக்கிறார்கள்! கல்லை ஏன் கும்பிடுகிறாய் என்று ஊரூராய்க் கேட்ட நாம், அரிவாள் சுத்தியலைக் கண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் நின்றோம். வியாபாரியைக் குற்றம் சொல்வதைவிட நம்மைச் சொல்லிக்கொள்வதே நியாயம்.

நிற்க, 16.38 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 'பூட்' என்பது பழைய ருஷ்ய நிறை. சுமார் 16 கிலோ 380 கிராம். ஒரு பூட் செம்பில் ஐம்பது ரூபிளுக்குக் காசு அடிப்பது ஜார் காலத்து வழக்கம். ஐம்பது ரூபிள் என்றால் ஐந்து கோபெக் காசு ஆயிரம். வகுத்துப் பாருங்கள், சரியாய் வரும். 1918-லேயே கிராம், மீட்டர் முறைக்குச் சட்டம் போட்டுவிட்ட சர்க்கார், 1924-ல் செம்புக் காசை ஜார் நிறையில்தான் அடித்தது. பழக்கம் என்பது புரட்சியைவிட மெதுவாய் நடக்கிறது.

1926-ல்தான் மாற்றினார்கள். செம்போடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்த வெண்கலம், மஞ்சள் நிறம். ஒரு கோபெக் ஒரு கிராம், இரண்டு கோபெக் இரண்டு கிராம், மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து! படிக்கல் இல்லாதவன் காசையே படிக்கல்லாக வைத்து நிறுக்கலாம். நம் அபிப்பிராயத்தில் அந்நாட்டுக் காசுகளிலெல்லாம் புத்தியோடு செய்த காசு இதுதான். விலையும் அதிகமில்லை, 1926-ம் வருஷத்தியவை ஏராளமாய்க் கிடைக்கும். புதிதாய்ச் சேர்க்கிற வாலிபர்கள் இதில் தொடங்குங்கள். காந்தம் இதைப் பிடிக்காது, பிடித்தால் போலி. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். வாசக வளையத்தை 1935-ல் எடுத்துவிட்டார்கள். ஆகவே அந்த வருஷத்துக் காசு இரண்டு விதமாகவும் உண்டு.

காசில் உள்ள சித்திரத்தை நம்பியும் ஏமாறக்கூடாது. தொழிலாளரை ஒன்றுசேரச் சொல்லும் அதே வாசகத்தோடு 1924-ல் அரை ரூபிள் வெள்ளிக் காசும் வந்தது. அதில் ஒரு பகுதியை அச்சடித்துக் கொடுத்தது லண்டனில் இருந்த இங்கிலாந்து ராஜாவின் நாணயசாலை! இது சிரிக்கத் தக்கது. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. 1932, 1933-ல் உக்ரேனிலும் கஜகஸ்தானிலும் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் மாண்டார்கள். விளைத்தவனிடமிருந்தே தானியத்தைச் சர்க்கார் பறித்துக்கொண்டு போயிற்று. அன்று அவர்கள் மடியில் கிடந்த காசிலும் கோதுமைக் கதிர் இருந்தது. அந்நாட்டை மெச்சிப் பேசும் நம் தோழர்கள் இதை விட்டுவிட்டுப் பேசினால், அது புராணிகர் பேச்சாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒன்று. 1947 டிசம்பரில் பழைய நோட்டுகளைப் பத்துக்கு ஒன்றாக மாற்றினார்கள். காசை மட்டும் அப்படியே விட்டார்கள். 1961-ல் மறுபடியும் பத்துக்கு ஒன்று. அப்போதும் ஒன்று, இரண்டு, மூன்று கோபெக் காசுகள் முகமதிப்பிலேயே செல்லும் என்றார்கள். பெட்டியில் நோட்டை அடுக்கியவனுக்கு அந்த எண்ணிக்கை பத்தில் ஒன்றாயிற்று. உண்டியில் சில்லறை போட்டுவைத்த கிழவிக்கு அந்தச் சில்லறை பத்து மடங்கு பெற்றது. 1926-ல் அடித்த ஒரு கோபெக் 1991-ல் அந்த யூனியன் கலையும்வரை செல்லுபடியான காசாகவே இருந்தது. சர்க்கார் தலைவர்கள் எத்தனை பேர் மாறினார்கள்!

மேஜைமேல் தராசு ஒன்று கொண்டுவந்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் 1926-ம் வருஷத்துக் காசுகள் நான்கு. அராவிய அந்த ஐந்து கோபெக்கும் இருக்கிறது. நாம் சொன்னதை நம்பவேண்டாம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராய் வந்து நிறுத்துப் பாருங்கள்.