கற்பிட்டி தந்த வரலாற்றாசிரியர்

புத்தளத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பழைய பாதையிலே எலுவன்குளம் என்னும் ஊர் இருக்கின்றது. அதற்கு அப்பால் கலா ஓயா. ஆற்றைக் கடந்தால் வில்பத்துக் காடு. அக்காட்டிலுள்ள பொம்பரிப்பில், கிறித்துவுக்கு முற்பட்ட மக்கள் தம்முள் இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளை அவை ஒத்தன என்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும், அத்தாழிகளுள் உறங்கியவர் யாவர், அவர் பெயர் யாது, அவர் பாடிய பாட்டு எது என்று கேட்பின் விடையில்லை. எழுதிவைப்பார் இல்லையாயின் ஒரு மக்கட் கூட்டத்தின் கதை இவ்வாறே மண்ணோடு மண்ணாகிவிடுகின்றது.

இவ்வுண்மையை உணர்ந்த அறிஞர் ஒருவர் இதே கரையிலே தோன்றினார். எலுவன்குளத்துக்குத் தென்மேற்கே, களப்பின் மறுகரையிலுள்ள கற்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டியே அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே, ஊர்ப் பழமையை ஆராயும் பணியைக் கிராமத்துக் குருவானவர் பலர் மேற்கொண்டிருந்தனர். டெவன் பகுதியிற் குருவாயிருந்த சபைன் பாரிங்-கூல்ட் அவர்களுள் ஒருவர். நாட்டுப்புறத்தார் பாடிய பாடல்களை அவர் தேடித் திரட்டினார். டாட்மூர் மேட்டு நிலத்துப் பழங்குடியிருப்பை அகழ்ந்து ஆராய்ந்தார். அவர் பிறந்தது 1834ஆம் ஆண்டில். அதே ஆண்டிலே, குருவுமல்லாத, ஆங்கிலேயருமல்லாத காசிச்செட்டி ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டுவிட்டார். இலங்கையின் ஊர்கள், ஆறுகள், துறைமுகங்கள் முதலியவற்றை அகராதி முறையில் விளக்கும் நூல் அது. அப்பொழுது அவருக்கு வயது 27.

அவர் ஓய்ந்திருந்து எழுதியவர் அல்லர். புத்தளப் பகுதியில் மணியகாரராகவும் முதலியாராகவும் கடமையாற்றினார். 1838இல் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தார். பின்னர்ச் சிலாபத்தில் நீதிபதியானார். இத்தனை அலுவல்களுக்கிடையிலும் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடிக்கொண்டேயிருந்தார். அத்தேட்டத்தின் பயனே 1859இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’. பெரியோர் வாழ்க்கையை எழுதிப் புகழ்பெற்ற கிரேக்க ஆசிரியர் புளூட்டாக்கின் பெயரையே அந்நூலுக்குச் சூட்டினார்.

அந்நூலிற் குறைகள் உள. கன்னபரம்பரைக் கதைகள் வரலாறாக நிற்கும் இடங்கள் உண்டு. ஆனால், அவர் எழுதிய காலத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புறநானூறு அச்சேறியது 1894இல். அதனைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் 1859இல் நான்கு வயதுக் குழந்தை. ஏடுகளும் முதியோர் வாய்மொழியுமே காசிச்செட்டிக்குக் கிடைத்த துணை. பிழையற அறியும்வரை காத்திருந்தால், அறிந்தவையும் அழிந்துவிடும் என்பதை அவர் கண்டிருத்தல் வேண்டும். நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1860இல், அவர் காலமானார்.

அவர் ஆங்கிலத்தில் எழுதியதால், தம் புலவர்களைப் பற்றிய நூலைத் தமிழ் மட்டுமே அறிந்தோர் படிக்க இயலவில்லை. அக்குறையைப் போக்கும் வகையில், சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலைத் தமிழிலே தந்தார். முன்னவர் இட்ட அடித்தளத்தின்மீது பின்னவர் கட்டினார். பிழை கண்டவர் திருத்தினார். எழுதப்பட்ட பிழையைத் திருத்தலாம். எழுதப்படாத உண்மையை எவர் மீட்க வல்லார்?

பொம்பரிப்புத் தாழிகள் வாய் திறவா. எலுவன்குளம் போன்ற சிற்றூர்களின் முதியோரோ இன்றும் பேசுகின்றனர். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிவைப்பதே காசிச்செட்டிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.