குசினிக் கணக்கு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவிலே குசினியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். உங்கள் தொழிலோடு சேர்ந்த, எங்களுக்குப் பயன்படுகிற ஒன்றைச் சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கட்டட வேலைகளுக்கு அளவெடுத்து மதிப்பீடு போடுவது என் தொழில். சில வருடங்களாக என்னைத் தேடி வருகிற பழைய மாணவிகளில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "குசினியைத் திருத்த எவ்வளவு முடியும்?"

இந்தக் கேள்வி இப்போது ஏன் இவ்வளவு வருகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில் வடபகுதிக்குச் சீமெந்து வருவதே தடை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் கிடைத்த கல்லையும் கிடைத்த சீற்றையும் வைத்து அடுப்படியை மூடிக் கட்டினார்கள். அந்தக் குசினிகளுக்கு இப்போது வயது முப்பதை நெருங்குகிறது. சுவர் பொருக்கு விடுகிறது, கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் வெளியிலிருந்து காசு அனுப்பத் தயார். ஆகவே எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குசினி உடைகிறது.

எவ்வளவு முடியும் என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது, அந்த வீட்டில் யார் சமைக்கிறார், எதிலே சமைக்கிறார் என்பதைத்தான். இதற்கு விடை தெரியாமல் போடுகிற மதிப்பீடு வெறும் எழுத்து. நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். மூன்று பிள்ளைகளும் வெளிநாட்டில், தாய் தனியே. பிள்ளைகள் படம் பார்த்துத் தெரிவு செய்து, காசு அனுப்பி, பளபளவென்று பன்ரி அலுமாரி அடித்துக் கொடுத்தார்கள். கறுப்புக் கிறனைற் மேடை, மேலே கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு வரிசை அலுமாரி. நான் போன நேரம் அந்த அம்மா பின்பத்தியிலே, பழைய சீற்றுக்குக் கீழே, மூன்று கல்லு வைத்துச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தார். "அங்க சமைச்சா ஊத்தையாப் போடும் பிள்ளை" என்றார். மழை பெய்தால் அந்தப் பத்திக்குள் சாரல் அடிக்கும், தரை வழுக்கும். எழுபது வயதுக்கு மேற்பட்டவர். செலவழித்த இலட்சங்களில் ஒரு பங்கைப் பத்திக்குச் செலவழித்திருந்தால் போதும். இது அந்த ஒரு வீட்டுக் கதை மாத்திரமல்ல என்பது இங்கே சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆகவே காசைப் பங்கிடும்போது கண்ணுக்குத் தெரியாதவற்றிலிருந்து தொடங்குங்கள். தண்ணீர் வருகிற வழி, ஊத்தைத் தண்ணீர் போகிற வழி, மின்சாரம், புகை, தரைமட்டம் ஆகிய ஐந்தும் சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் கூரையிலும் இருப்பவை. அலுமாரியை அடுத்த வருடமும் அடிக்கலாம். பைப்பை அடுத்த வருடம் மாற்றுவதென்றால் இந்த வருடம் பதித்த ரைல்ஸை உடைக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் குசினிக்கு ஒரு 5 அம்பியர் உருண்டை முள் பிளக்தான் இருக்கும். 2000 உவாற்றுக் கேத்தில் ஒன்று 230 வோல்ற்றிலே ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதே வயரில் றைஸ் குக்கரும் கிறைண்டரும் தொங்கினால் என்ன நடக்கும் என்பதை மேலே கருகிய சுவரே சொல்லும். குசினிக்கென்று விநியோகப் பெட்டியிலிருந்து தனி இணைப்பு, நல்ல எர்த், ட்ரிப் சுவிச் மூன்றையும் மதிப்பீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது தண்ணீர். எங்கள் நிலம் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் பட்டுக் காய்கிற இடமெல்லாம் வெள்ளை படியும். விலைகூடிய குறோம் பைப்பிலும் கறுப்புக் கிறனைற்றிலும்தான் அது எடுப்பாகத் தெரியும். இடைத்தர விலையில், உள்ளே கழற்றித் துப்புரவாக்கக்கூடிய பைப் வாங்குங்கள். நரைநிறம் அல்லது புள்ளி போட்ட மேடை வையுங்கள். சிங்க்கிலிருந்து போகிற தண்ணீரைக் கிணற்றடிப் பக்கம் விடவே வேண்டாம். சுண்ணக்கல்லுக்குள்ளால் எதுவும் விரைவாக இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். பழையவர்கள் வாழைப்பாத்திக்கு விட்டது சும்மா இல்லை.

புகையைப் பற்றி ஒன்று. காஸ் வந்துவிட்டது, இனி விறகடுப்பு எதற்கு என்று சொல்லிப் புகைக்கூட்டை இடித்தவர்கள் 2022 இல் என்ன பாடுபட்டார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. சிலிண்டர் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து, முற்றத்தில் கல்லு வைத்து எரித்தோம். ஊமலும் பாளையும் பன்னாடையும் வளவில் சும்மா கிடைக்கிற வரைக்கும் எங்கள் குசினியில் ஒரு விறகடுப்புக்கு இடம் இருப்பது நல்லது. ஆனால் புகை ஆளின் நெஞ்சுக்குள் போகாமல் கூட்டுக்குள்ளால் வெளியே போகவேண்டும். அந்தக் கூட்டுக்காக அஸ்பெஸ்ரஸ் சீற்றில் துளை போட விடாதீர்கள். அறுக்கும்போது பறக்கிற தூசி சுவாசப்பைக்குக் கேடு. அந்த இடத்துச் சீற்றை முழுதாகக் கழற்றித் தகரம் போடுகிற செலவையும் கணக்கில் சேருங்கள். காஸ் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வைப்பதே நல்லது. அலுமாரிக்குள்தான் வைப்போம் என்றால் அடிமட்டத்தில் காற்றுத் துவாரம் விட வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடுதான் தேங்கும். துவாரத்தை மேலே விட்டுப் பிரயோசனமில்லை.

இனி ரைல்ஸ். எங்கள் ஊரில் மாபிள் என்று சொல்வதும் இதைத்தான். காசு அதிகம் கரைகிற இடம் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 12 அடிக்கு 10 அடி குசினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தரை 120 சதுர அடி. 2 அடிக்கு 2 அடி ரைல்ஸ் ஒன்று 4 சதுர அடி, ஆகவே 30 வேண்டும். வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து வீதம் கூட்டினால் 33. பெட்டிக் கணக்கில்தான் விற்பார்கள், முழுப் பெட்டியாக ஒரே தடவையில் வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் அதே இலக்கத்தில் வேறு நிறச் சாயல் கிடைக்கும். மிச்சம் இரண்டு மூன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது சுவர். நான்கு சுவரையும் 7 அடி உயரத்துக்கு மூடினால், சுற்றளவு 44 அடி, ஆகவே 308 சதுர அடி. ஒரு கதவு 21, ஒரு யன்னல் 12 கழித்தால் 275. மேடை போகிற இரண்டு சுவருக்கு மட்டும், மேடைக்கு மேலே 2 அடி பதித்தால் 22ஐ இரண்டால் பெருக்கி 44 சதுர அடி. அடுப்புக்குப் பின்னால் கொஞ்சம் உயர்த்தினாலும் 60ஐத் தாண்டாது. 275க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் ரைல்ஸில் மட்டுமல்ல, பசையிலும் மேசன் கூலியிலும் வரும். மற்றச் சுவர்களுக்குக் கழுவக்கூடிய பெயின்ற் போதும். "எல்லா வீட்டிலும் மேல்வரைக்கும்தான் அம்மா பதிக்கிறது" என்று மேசன் சொல்வார். அவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி என்றால் அப்படித்தான் சொல்வார், அதில் குற்றமில்லை. நீங்கள் உங்கள் கணக்கைக் காட்டுங்கள்.

ஒன்று மறக்கக்கூடாது: பழைய கல்வீடு என்றால் சுவரிலே சுண்ணாம்புச் சாந்து இருக்கும். அதற்கு மேலே நேரே ரைல்ஸ் ஒட்டினால் சாந்தோடு சேர்ந்து கழன்று வரும். கொத்திப் புதிதாகப் பூசுகிற செலவு தனி.

மேடையின் உயரத்துக்குக் காசு தேவையில்லை, ஆனால் அதைத்தான் யாரும் கேட்பதில்லை. 36 அங்குலம் என்று எங்கேயோ படித்துவிட்டுக் கட்டுகிறார்கள். சமைக்கிறவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடிக்கட்டும். அந்த உயரத்திலிருந்து 4 முதல் 6 அங்குலம் குறைத்துக் கட்டுங்கள். 5 அடி உயரமுள்ளவருக்கு 32, 33 அங்குலம் வரும். மூன்று அங்குல வித்தியாசம் தோள்மூட்டுக்குத் தெரியும்.

அலுமாரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தூள் பலகை, அழுத்திய பலகை எல்லாம் தண்ணீர் பட்டால் ஊதும், கறையானும் விடாது. சிங்க்குக்குக் கீழே அவை வேண்டவே வேண்டாம். கல்லால் கட்டித் தட்டுப் போட்டு, முன்னுக்கு அலுமினியக் கதவு போடுவது மலிவு, மாரிக்கும் தாங்கும். கதவையும் பிறகு போடலாம். ஒரு வருடம் சீலை தொங்கினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

சரி, பங்கீடு. கையில் 15 இலட்சம் ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 2 இலட்சத்தை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். அது சுவரை உடைத்தபின் வெளியே வருகிற சங்கதிகளுக்கு. பழைய வீட்டில் கட்டாயம் வரும். நான் சொன்ன கண்ணுக்குத் தெரியாத ஐந்துக்கும் நாலரை இலட்சம். பூச்சு, ரைல்ஸ், மேசன் கூலிக்கு மூன்றரை. மேடைக்கும் அலுமாரிக்கும் 4. மிச்சம் ஒரு இலட்சம் எதற்கென்றால், உடைத்த கல்லை ஏற்றி அனுப்ப, சாமான் ஏற்றி இறக்க, வேலை நடக்கும் வாரங்களில் வேறிடத்தில் சமைக்க அல்லது கடையில் வாங்கிச் சாப்பிட. இந்தக் கடைசி வரியை எந்த மதிப்பீட்டிலும் நான் கண்டதில்லை. வீட்டுக்கு வீடு தொகை மாறும். ஆனால் காசு குறைகிறது என்றால் வெட்டவேண்டியது அந்த 4 இலட்சத்தில்தான், நாலரையில் அல்ல.

விலை கேட்கும்போது எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது இரண்டு பேரிடம். பெறுமதி சேர் வரி 2024 சனவரியிலிருந்து 18 வீதம். சொல்கிற விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை நாளைக்கு அந்த விலை நிற்கும் என்றும் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. மாசியில் வாங்கிய மதிப்பீட்டோடு வைகாசியில் கடைக்குப் போனவர்கள் பாதி வேலையில் நின்றார்கள். அதனால்தான் நான் சொல்வது, வேலை தொடங்க முன்பே பைப், வயர், ரைல்ஸ் மூன்றையும் வாங்கி வீட்டில் வையுங்கள். சீமெந்தை மட்டும் அப்படிச் சேர்க்கவேண்டாம், இறுகிவிடும்.

காசு கொடுப்பதற்கு இந்திய வீட்டுத்திட்டம் எங்களுக்கு ஒரு வழி காட்டியது. ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவை ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. வேலை எவ்வளவு நடந்தது என்று பார்த்துக் கட்டம் கட்டமாகத்தான் கொடுத்தார்கள். கொந்தராத்துக்காரருக்கு நீங்களும் அப்படியே கொடுக்கலாம். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். பைப்பும் வயறிங்கும் முடிந்து, சுவரை மூட முன்னர், அவற்றைப் படம் எடுத்து வைத்துவிட்டு அடுத்த தொகையைக் கொடுங்கள். கடைசிப் பத்து வீதம் ஒரு மாதம் சமைத்துப் பார்த்த பிறகு. இதைத் தொடங்கும்போதே சொல்லி எழுதிவிட்டால் மனத்தாங்கல் வராது.

மாரிக்கு முன்னர் கூரை வேலை முடிய வேண்டும், ஆகவே பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். நல்லூர்த் திருவிழாவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஆடியில் அவசரப்பட்டுத் தொடங்கினால் மேசனும் கிடைக்க மாட்டார், கிடைத்தாலும் இரவு பகலாகச் செய்த வேலை முகத்தில் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். காசை நீங்கள் அனுப்புங்கள், மதிப்பீட்டில் கையெழுத்தை அம்மா வைக்கட்டும். ரைல்ஸ் நிறத்தை வேண்டுமானால் நீங்கள் தெரிவு செய்யுங்கள். அடுப்பு எங்கே, சிங்க் எங்கே, அம்மி எங்கே என்பதை அவரிடம் விடுங்கள். நகையை அடைவு வைத்தோ சீட்டுக் காசை எடுத்தோ செய்கிற வீடுகளுக்கும் இதுவே. யாருடைய காப்பு வங்கிக்குப் போகிறதோ அவருடைய கையிலேயே கணக்குக் கொப்பி இருக்கட்டும்.

உங்கள் குசினியின் நீளம், அகலம், கதவு யன்னல் இருக்கிற பக்கம், கிணறு இருக்கிற பக்கம் எல்லாவற்றையும் ஒரு தாளில் கீறிக்கொண்டு வந்திருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பேன். அடிமட்டம் கொண்டு வந்திருக்கிறேன்.