காலமும் பொறுப்பும்: பொறியாளர் ஈ. ஸ்ரீதரன்

(கோரிப்பாளையத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைகையின் வடகரையில் கூடியிருப்போருக்குப் பாலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏ.வி. பாலத்தில் சற்று நேரம் போக்குவரத்து தடைப்பட்டாலும் இரு கரைகளும் படும் பாட்டை இந்நகரம் நன்கறியும். மதுரையிலிருந்து மானாமதுரை வழியாக இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த பாம்பன் பாலமோ, 1964-இல் அத்தீவை நிலத்தோடு இணைத்த ஒரே பாலம். சாலைப் பாலம் 1988-இல்தான் வந்தது. அந்த ஒரே இணைப்பு அறுந்தபோது அதனை மீட்டுத் தந்தவர் ஈ. ஸ்ரீதரன்.

பாலக்காடு மாவட்டத்துக் கருகப்புத்தூரில் 1932-இல் பிறந்தவர் அவர். காக்கிநாடா அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்று, 1954-இல் தென்னக இரயில்வேயில் சேர்ந்தார்.

1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டி கடலுக்கு இரையாயிற்று. பாலத்தின் 126 இரும்புத் தூலங்களை அலைகள் அடித்துச் சென்றன. கப்பல்களுக்கு வழிவிடும் தூக்குப்பாலப் பகுதி மட்டும் தப்பி நின்றது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என இரயில்வே கணித்தது. மூன்றே மாதத்தில் முடிக்க வேண்டும் என்றார் பொதுமேலாளர். பணி, 32 வயதுப் பொறியாளரான ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாட்டின் பிற பகுதிகளிலிருந்து தூலங்களைத் திரட்டிக் கொண்டுவர எத்தனை காலம் செல்லும்? அந்நிலையில், விழுந்த தூலங்கள் கடலடியில் கிடக்கின்றன என்னும் செய்தி மீனவர்கள் வாயிலாகக் கிடைத்தது. அவற்றை மேலே தூக்கி, சீர்செய்து, மீண்டும் தூண்களின்மீது ஏற்றும் வழியை அவர் மேற்கொண்டார். 46 நாள்களில் பாலம் மீண்டது. கடலை அறிந்தவரின் சொல்லுக்குச் செவிசாய்த்த பணிவும், கைக்கெட்டிய பொருளை வீணாக்காத சிக்கனமும் அந்த விரைவுக்குள் அடங்கியிருந்தன.

அதன்பின் வந்த பொறுப்புகள் பல. இந்தியாவின் முதல் மெட்ரோவாகிய கொல்கத்தா மெட்ரோவின் திட்டப்பணி. கொச்சி கப்பல் கட்டும் தளத்தின் தலைமை. இரயில்வே வாரியத்தில் பொறியியல் உறுப்பினர் பதவி. 1990-இல் ஓய்வுக்குப்பின் கொங்கண் இரயில்வேயின் பொறுப்பேற்றார். மேற்குத் தொடர்ச்சி மலையையொட்டி, 90-க்கும் மேற்பட்ட சுரங்கங்களுடன் ஏறத்தாழ 740 கிலோமீட்டர் நீளும் அப்பாதை 1998-இல் முழுமை பெற்றது.

1997-இல் அவர் தில்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநரானார். பணியிடங்களில் நேரங்காட்டும் கடிகாரங்களுக்குப் பதிலாக, எஞ்சிய நாள்களைக் காட்டும் கடிகாரங்களை வைத்தார். 2002 டிசம்பரில் முதல் வண்டி ஓடியது. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் கொண்ட முதற்கட்டம், குறித்த காலத்திற்கு முன்னரே, 2005-இல் நிறைவுற்றது.

ஆயினும், அவர் பெருமை விரைவில் மட்டும் இல்லை. 2009 ஜூலை 12-ஆம் நாள், தில்லி ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த மேம்பாலப் பகுதி சரிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். ஸ்ரீதரன் ஒப்பந்தக்காரரையோ கீழ்நிலைப் பொறியாளரையோ முன்னிறுத்திவிட்டுத் தாம் ஒதுங்கவில்லை. அன்றே பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். முதலமைச்சர் அதனை ஏற்காததால் பணியைத் தொடர்ந்து, 2011 இறுதியில் ஓய்வு பெற்றார். ஒரு கடிதத்தால் ஆறு உயிர்கள் மீளா. அதனை அவரும் அறிவார். எனினும், வெற்றி நாளில் மாலையை ஏற்கும் கழுத்து, துயர நாளில் பழியையும் ஏற்க வேண்டும் என்பதை நாடு அன்று கண்டது.

காலந்தவறாமையும் பொறுப்பேற்றலும் இரு வேறு பண்புகளாகத் தோன்றலாம். ஆனால், இரண்டுக்கும் வேர் ஒன்றே. பாலத்திற்காகக் காத்திருப்பவரின் நாள் தமக்கு உரியதன்று என்று உணர்பவர் காலந்தாழ்த்தார்; பணியிடத்தில் நிற்பவரின் உயிர் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்று உணர்பவர் பழியிலிருந்து நழுவார்.

1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பழைய பாம்பன் பாலத்தின் அருகே, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டுள்ளது. வணிகத்திலோ அலுவலகத்திலோ இல்லத்திலோ பொறுப்பேற்கவிருக்கும் நம் இளைஞர்கள் அவ்வழியே செல்லும்போது, அந்த 46 நாள்களையும் அந்த ஒரு கடிதத்தையும் சேர்த்தே நினைவிற்கொள்வார்களாக.