அறுவைச் சிகிச்சையிலும் அளவு வேண்டும்
(ஜும்ஆத் தொழுகைக்குப் பின் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வுடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமாகும். நோயுற்றால் மருந்து செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய். வெட்கம் கருதிப் பலர் இதனை வாய்திறந்து சொல்வதில்லை. ஆதலால் நாம் சொல்கிறோம்.

நோய் சிறுநீர்ப்பையின் தசைக்குள் ஊடுருவிவிட்டால், அந்தப் பையையே அகற்றும் அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அத்துடன் இடுப்புக்குழியின் இருபுறமும் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பர். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியது' என்கிறோமே, அத்தகைய முடிச்சுகளே இவை. பரவும் புற்று பெரும்பாலும் முதலில் தங்குமிடம் இவை என்பதால் எடுப்பது அவசியம். ஆனால் எதுவரை எடுப்பது? பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடம் வரை மேலேறி எடுத்தால் பாதுகாப்பு மிகும் என மருத்துவர் பலர் நெடுங்காலம் எண்ணிவந்தனர்.

இரு பெரும் ஆய்வுகள் இதனைச் சோதித்தன. ஜெர்மனியில் 401 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று; விரிவாக எடுப்பதால் தெளிவான நன்மை நிறுவப்படவில்லை. அமெரிக்கா, கனடா நாடுகளில் 592 பேரிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியாயிற்று. ஐந்தாண்டு கழித்து நோய் திரும்பாமல் உயிர்வாழ்ந்தோர், வழக்கமான அளவில் எடுத்தவர்களில் நூற்றுக்கு 60 பேர். விரிவாக எடுத்தவர்களில் 56 பேர். 90 நாட்களுக்குள் இறந்தோரோ முன்னவரில் 7 பேர், பின்னவரில் 19 பேர். நன்மை கூடவில்லை, தீங்கே கூடிற்று.

ஒளுச் செய்யும் தண்ணீரிலும் வரம்பு மீறலாகாது எனக் கற்ற நமக்கு இதில் படிப்பினை உண்டு. அதிகம் வெட்டுவதே நல்ல வைத்தியம் என்று எண்ணாதீர்கள். 'மருத்துவர் குறைவாக எடுத்துவிட்டார்' என்று குடும்பத்தார் மனம் குமுறவும் வேண்டாம். ஸ்கேனில் முடிச்சுகள் வீங்கித் தெரிந்தால் முடிவு மாறலாம். எதுவரை எடுப்பீர்கள், ஏன் என்று முன்கூட்டியே கேட்டறிவது நோயாளியின் உரிமை.

சிறுநீர்ப்பை நீக்கப்பட்டோரில் பலர், வயிற்றின்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் பையுடன் வாழ்கின்றனர். இனிப் பள்ளிக்கு வரக்கூடாதோ என்று அவர்கள் ஒதுங்க வேண்டாம். ஷரீஅத் அவர்களை உளுருடையவர்களாகக் கருதிச் சலுகை அளிக்கிறது. பள்ளி அசுத்தமாகாதபடி பேணி, வக்து வந்தபின் ஒளுச் செய்து தொழலாம். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஸஃப்பில் அவர்களுக்கு முகம் சுளிக்காமல் இடமளிப்பது நம் கடமை.

இந்நோயின் முதன்மைக் காரணம் பீடியும் சிகரெட்டும் ஆகும். வலியின்றி ஒருமுறை சிறுநீரில் இரத்தம் வந்தாலும் தாமதியாதீர்கள். நம் மாவட்டத்துக் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் தொலைவில் இல்லை.

நோயாளிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், மருத்துவம் செய்வோருக்கு நிதானத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.