மண் சுமந்த கூலியாள்

(ஆவணி மூலத் திருநாளில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



இன்று ஆவணி மூலம். ஆலவாய்ப் பெருமான் புட்டுக்கு மண் சுமந்த திருநாள். மதுரை மாநகரில் இந்நாளில் சொக்கலிங்கப் பெருமான் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளி, கூடையும் மண்வெட்டியும் கொண்டு அடியார்க்குக் காட்சி வழங்குகின்றார். முடி சூடிய கோலத்தையும் கூத்தாடும் கோலத்தையும் கண்டு வணங்கிய கண்கள், இன்று கூலியாள் கோலத்தைக் கண்டு வணங்குகின்றன. இக்கோலத்தின் பொருள் யாது? மக்களோடு மக்களாய் நின்று தொண்டு செய்ய விழைவார்க்கு இது கற்பிக்கும் பாடம் யாது? இதனையே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

வந்தியின் பங்கு

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் அறுபத்தொன்றாவது படலம் மண் சுமந்த படலம். கதை நீங்கள் அறிந்ததே. குதிரை வாங்கக் கொண்டு சென்ற பொருளைத் திருப்பணிக்குச் செலவிட்டார் மாணிக்கவாசகர். அது காரணமாகப் பாண்டியன் அவரை வைகை மணலில் நிறுத்தி வருத்தினான். அடியவர் துன்பம் பொறாத ஆண்டவன் வைகையில் வெள்ளம் பெருகச் செய்தான். கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, அளந்து விட்ட பங்கினை அடைத்தல் வேண்டும் என்பது மன்னன் ஆணை. ஊரெல்லாம் மண்வெட்டியும் கூடையுமாய்க் கரையில் கூடியது.

அவ்வூரில் வந்தி என்னும் மூதாட்டி இருந்தாள். கணவன் இல்லை, மக்கள் இல்லை, சுற்றம் இல்லை. புட்டு அவித்து விற்று உயிர் வாழ்ந்தாள். அவளுக்கும் ஒரு பங்கு அளந்து விடப்பட்டது. ஆள் நால்வர் உள்ள வீட்டுக்கும் ஒரு பங்கு. ஆளே இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு! அளவுகோல் நேராகத்தான் அளந்தது. ஆயினும் அளந்தவர் கண் அவள் நரையையும் தள்ளாமையையும் பார்க்கவில்லை. எல்லார்க்கும் ஒரே அளவு என்பது எப்போதும் நீதியாகிவிடாது என்பதை இங்கே நாம் காண்கின்றோம். பொதுப்பணியில் பங்கு பிரிப்போர் முதலில் நெஞ்சில் பதிக்க வேண்டியது இது.

வந்தி யாரிடம் முறையிடுவாள்? கூலி கொடுத்து ஆள் வைக்க வழியில்லை; கரையிலே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தம் பங்கே பெரிது. அவள் சொக்கனை நினைந்து அழுதாள். வேலை கொடுப்பார் உளரோ என்று கேட்டுக்கொண்டே ஓர் இளைஞன் தெருவிலே வந்தான். அவனே அண்டமெல்லாம் ஆளும் ஆலவாயான்.

கூலி கேட்ட கருணை

அன்பர்களே! ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். இறைவன் நினைத்திருந்தால் வெள்ளத்தை அந்நொடியே வற்றச் செய்திருக்கலாம். அரசன் கனவில் தோன்றி, வந்தியின் பங்கைத் தள்ளிவிடு என்று பணித்திருக்கலாம். அவள் குடிசையில் பொன் மாரி பொழிந்திருக்கலாம். இவற்றுள் ஒன்றையும் செய்தானல்லன். அவள் வாயிலில் வந்து நின்று வேலை கேட்டான், கூலியும் கேட்டான். கூலி என்ன? அவள் கையால் அவித்த புட்டு. அதிலும் உதிர்ந்த புட்டே கூலி என்று பொதுமக்கள் வழக்கில் கதை சொல்வர்.

உலகையே ஊட்டுகின்றவனுக்கு ஓர் ஏழையின் புட்டு எதற்கு? அவள் பெருமையைக் காப்பதற்கே என்க. சும்மா செய்து தருகின்றேன் என்று அவன் சொல்லியிருந்தால், வந்தி இரப்பவள் ஆகியிருப்பாள். கூலி கேட்டதனால் அவள் கொடுப்பவள் ஆனாள். உதவி பெறுகின்றவர் கை தாழாமல் உதவுவது எவ்வளவு அரிய செயல்! நாம் ஈகின்றபோது நம் கை மேலே நிற்பதைக் காண்கின்றோம்; வாங்குகின்றவர் கண் கீழே தாழ்வதைக் காண்பதில்லை. ஆண்டவன் கண்டான். ஆதலால் அவன் கருணை கூலி கேட்கும் உருவிலே வந்தது.

இன்னொன்றும் உண்டு. அவன் தனியே ஓரிடத்தில் நின்று அற்புதம் செய்யவில்லை. ஊரார் மண் சுமக்கும் அதே கரையில், அவர்கள் தலையில் ஏந்திய அதே கூடையை ஏந்தினான். ஆடினான், பாடினான், அயர்ந்து உறங்கினான். கணக்கர் கண்ட அளவில் அவன் ஒரு சோம்பேறி. அரசன் பிரம்பு ஓங்கி அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் பட்டது. அரசி முதுகிலும் பட்டது. கரையில் நின்றார் அனைவர் மேலும், எல்லா உயிர்கள் மேலும் பட்டது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு அவன் மறைந்தான், கரை அடைபட்டது.

கூலியாள் ஒருவன் மேல் விழும் அடி எல்லா உயிர்க்கும் விழும் அடி. இதனை மேடையில் சொல்வது எளிது. திருவிழா முடிந்த நள்ளிரவில் தெருவைக் கூட்டும் பணியாளரை நாம் எந்தச் சொல்லால் அழைக்கின்றோம் என்பதிலேதான் நாம் இப்படலத்தைக் கற்றோமா என்பது விளங்கும்.

வாசியில்லாத காசு

இனிச் சேக்கிழார் பெருமான் காட்டும் ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தது. ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் அங்கே எழுந்தருளியிருந்தனர். அடியார் பசியால் வாடுவது கண்டு இருவர் நெஞ்சும் உருகியது. இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியாக இருவர்க்கும் அளித்தான். இரண்டு மடங்களிலும் அடியார்க்கு அமுது நடந்தது.

ஆயின் சம்பந்தர் மடத்தில் மட்டும் அமுது படைக்க நாள்தோறும் காலம் தாழ்ந்தது. காரணம் கேட்டார் பிள்ளையார். நாவுக்கரசர் பெறும் காசு கடையில் குறைவின்றிச் செல்கின்றது. நம் காசுக்கு வாசி கேட்கின்றார்கள். ஆகவே பண்டம் வாங்கத் தாமதமாகின்றது என்றனர் பரிசனத்தார். நாவுக்கரசர் கைத்தொண்டு செய்கின்றவர். உழவாரம் ஏந்திக் கோயிலின் புல்லும் முள்ளும் களைகின்றவர். ஆதலால் அவர் காசு வாசியில்லாத காசாயிற்று என்று உணர்ந்தார் ஞானசம்பந்தர். உடனே இறைவனைப் பாடி வேண்டினார். அவருக்கும் வாசியில்லாக் காசு வந்தது.

இந்நிகழ்ச்சியைப் பலர், உடலுழைப்பே உயர்ந்தது என்பதற்கு மட்டும் சான்று காட்டுவர். அது மெய்யே. ஆனால் அதற்குள் மற்றொரு மெய்யும் அடங்கியிருக்கின்றது. சம்பந்தர் தம் பெருமைக்குக் குறை வந்தது என்று வருந்தவில்லை. தம் மடத்துப் பந்தியில் பசித்தவர் காத்திருக்கின்றனரே என்றுதான் வருந்தினார். தொண்டின் குற்றத்தை எதைக்கொண்டு அளப்பது? பசித்தவன் எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும். இன்று அன்னதானப் பந்தலில் சிறப்பு விருந்தினர் வரவேண்டும், படம் எடுக்க வேண்டும் என்று இலையின் முன் குழந்தைகளைக் காக்க வைப்போர் உண்டு. அக்காசு வாசியுள்ள காசு அன்றோ?

கண்ணில்லாதார் தோண்டிய குளம்

பணி செய்ய வலியற்றவர் என்று யாரையும் ஒதுக்கிவிடலாகாது என்பதற்குத் திருவாரூரில் ஒரு சான்று உண்டு. தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். திருக்கோயிற் குளம் தூர்ந்து வருவதை அறிந்து, அதனை அகலத் தோண்டத் துணிந்தார். குளத்தின் உள்ளே ஒரு தறி நட்டார். கரையிலே ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். எள்ளி நகைத்தாரும் தடுத்தாரும் உண்டு. அவர் பணி நிற்கவில்லை.

வந்தியின் கதையையும் தண்டியடிகள் கதையையும் ஒருங்கு வைத்து எண்ணுங்கள். இயலாதவர் மேல் சுமையை ஏற்றுவதும் பிழை. செய்ய விழைகின்றவரை இயலாதவர் என்று விலக்குவதும் பிழை. முன்னவர்க்குத் தோள் வேண்டும். பின்னவர்க்கு ஒரு கயிறு வேண்டும். எவருக்குத் தோள், எவருக்குக் கயிறு என்று அறிவதே கருணையோடு கூடிய அறிவு.

அணையா அடுப்பு

இவையெல்லாம் புராண காலத்தோடு முடிந்தனவா? இல்லை. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்குரிய நிலத்தைப் பார்வதிபுரத்து மக்களே உவந்து அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பத்தாண்டு கடப்பதற்குள் தாது வருடப் பஞ்சம் தமிழகத்தைச் சூறையாடியது. பஞ்சம் வந்த பிறகு அடுப்புத் தேடியவர் பலர். வருமுன்னே அடுப்பு மூட்டியவர் வள்ளலார்.

கடல் கடந்து யாழ்ப்பாணத்திலே, சைவமும் தமிழும் தழைக்கப் பாடுபட்ட ஆறுமுக நாவலர், 1877ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். ஏடு பதிப்பித்த கை, சைவப் பாடசாலை நிறுவிய கை, பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கவும் முன்வந்தது. சமய அறிவும் பசி தீர்க்கும் பணியும் இரு வேறு துறைகள் என்று அவர் கருதினாரல்லர். நம் காலத்திலே, 1995இல் மறைந்த தவத்திரு குன்றக்குடி அடிகளார் திருமடத்தையே கிராம வளர்ச்சிக்கு நடுவிடமாக்கி, ஊராரோடு அமர்ந்து திட்டம் தீட்டித் தொண்டாற்றியதை இங்குள்ள முதியோர் அறிவீர்கள்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தம் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டனர். அப்படகுகள் அவர்களுக்கு வயிற்றுப் பிழைப்பு. படகில் ஏறியவரிடம் சாதி கேட்கவில்லை; சமயம் கேட்கவில்லை. வைகைக் கரையில் கூடை சுமந்தவன் அவ்வெள்ளத்தில் துடுப்புப் பிடித்தான் என்று சொல்வதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை.

கோயிலா, தொண்டா?

இங்கே ஒரு வினா எழும். ஏழைக்கு உதவினால் போதாதா, கோயில் எதற்கு என்பார் ஒரு சாரார். பூசை குறைவின்றி நடந்தால் போதாதா, ஊர்ப்பணி நமக்கு எதற்கு என்பார் மற்றொரு சாரார். இருவர்க்கும் வந்தியே விடை. அவள் நாள்தோறும் முதற் புட்டை ஆலவாய்ப் பெருமானுக்குப் படைத்தவள். அந்த நம்பிக்கை இருந்ததனால்தான் கைவிடப்பட்ட நாளில் அவளுக்கு அழுவதற்கு ஓர் இடம் இருந்தது. அந்த அழுகைக்கு விடையாக இறைவன் வந்த இடமோ கருவறை அன்று. சேறு படிந்த ஆற்றங்கரை. நம்பிக்கை கோயிலிலே வேர் கொள்கின்றது, கரையிலே காய்க்கின்றது. வேரை வெட்டினால் தொண்டு சில நாளில் வாடி, புகழ் தேடும் முயற்சியாய் முடியும். காய்க்காத வேரோ மண்ணுக்குள் மறைந்த மரக்கட்டையே. நடமாடும் கோயிலாகிய மக்களுக்கு ஈவது இறைவனுக்கே சேரும் என்று திருமூலர் உணர்த்தியதும் இவ்விரண்டையும் இணைத்தற்கே.

இன்று செய்யத் தக்கவை

அன்பர்களே! கேட்டதோடு கலைந்து செல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை. மூன்று சொற்களை உங்கள் முன் வைக்கின்றோம்.

ஒன்று: நாளை நடைபெறும் அன்னதானத்தில் உண்டவர் தம் இலையைத் தாமே எடுங்கள். நன்கொடை அளித்தவரும் எடுங்கள். பரிமாறுகின்றவரும் பாத்திரம் கழுவுகின்றவரும் தெருக் கூட்டுகின்றவரும் உங்களோடு ஒரே பந்தியில் அமரட்டும். ஞெகிழிக் குவளைகளைக் குளத்தில் எறிந்துவிட்டு அக்குளத்து நீரையே தலையில் தெளித்துக்கொள்வது வழிபாடாகாது.

இரண்டு: திருக்குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால்கள் பல ஊர்களில் புதர் மண்டிக் கிடக்கின்றன. மழைக்காலம் வருமுன் உழவாரக் குழுவாய்க் கூடிச் சீர் செய்யுங்கள். பங்கு பிரிக்கும்போது வீட்டுக் கணக்கோடு நின்றுவிடாமல், தோளின் வலிமையையும் நோக்கிப் பிரியுங்கள். முதியவர் ஒருவர் நிழலில் அமர்ந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாலும் அது முழுப் பங்கே என்று கணக்கிலே எழுதுங்கள்.

மூன்று: உங்கள் தெருவிலும் ஒரு வந்தி இருப்பாள். பிள்ளைகள் தொலைவிலே பிழைக்கச் சென்றிருக்கலாம். பிள்ளைகளே இல்லாமலும் இருக்கலாம். மருந்து வாங்கவும், ஓய்வூதியத் தாளில் கையெழுத்திடச் செல்லவும் துணையின்றி அவள் திகைத்து நிற்கலாம். இளைஞர்களே! அவள் வாயிலில் போய் நில்லுங்கள். உதவ வந்திருக்கின்றேன் என்று சொல்லாதீர்கள். பாட்டி, வேலை ஏதும் உண்டா என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் கூலியாக ஒரு குவளை மோர் கேட்டு வாங்கிப் பருகுங்கள். அந்த மோரில் ஆலவாயான் உண்ட புட்டின் சுவை இருக்கும்.

எல்லாம் வல்ல சொக்கலிங்கப் பெருமான் நம் அனைவர்க்கும் தளராத நம்பிக்கையையும் தாழ்ந்து பணி செய்யும் தோளையும் அருளுவானாக என்று வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்