வாங்காத காசுகளின் கணக்கு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ நாணயம் சேர்க்கிறதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசணும். ஆனா மியூசியம் கைடு மாதிரி பேசிடாதே" என்றார். ஆகவே நாணயத்தைப் பற்றிக் கொஞ்சமும், நாணயம் வாங்கப் போகும் பணத்தைப் பற்றி அதிகமும் பேசப்போகிறேன். மின்வாரியக் கணக்குப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் பட்ஜெட் எழுதியவன் நான். ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டவன், தன் ஆசைக்குப் பட்ஜெட் போடத் தெரியாமல் விழுந்த கதை இது.

ஆரம்பம் இந்தக் கல்லூரி வாசலில்தான். நாங்கள் படித்த 1973-76 காலத்தில் தாமரைப் பூ போட்ட 20 பைசா புழக்கத்தில் இருந்தது. மஞ்சளாக, பார்க்கத் தங்கம் மாதிரி இருக்கும். 1968 முதல் 1971 வரைதான் அடித்தார்கள். டீக்கடையில் சில்லறை வாங்கும்போது அது வந்தால் எடுத்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கு டீ கிடையாது. இங்கே உட்கார்ந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "டேய், டீயைக் குடிடா. காசை வெச்சு என்ன பூஜையா பண்ணப்போறே?" அவர்தான் பாதி நாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கடன் இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

வேலைக்குப் போனதும் கையில் நாலு காசு புரண்டது. பார்த்ததையெல்லாம் வாங்கினேன். மைசூர்க் காசு, திருவாங்கூர்ச் சக்கரம், டச்சுக்காரன் துட்டு, விக்டோரியா ராணியின் காலணா என்று எதையும் விடவில்லை. 1911-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில், அரசர் உடையில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருஷமே அதைத் திருத்தினார்கள். அந்தக் கதைக்காகவே அந்த ரூபாயையும் வாங்கினேன். பத்து வருஷத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைந்தது. கொட்டிப் பார்த்தால் கதம்பம்தான், சேகரிப்பு இல்லை. எதுவும் முழுசாக இல்லை, எதுவும் நல்ல நிலையிலும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்தில் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. உள்ளே இருந்தவை பர்மிங்காமில் அச்சடித்துச் சென்னைக்கு வரவேண்டிய 10 காசு, 20 காசுச் செப்பு நாணயங்கள். 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். இருநூறு வருஷத்துப் பழசு, நம்ம ஊருக்காக அடித்தது, கடலுக்கடியில் கிடந்தது. இத்தனை பெருமை இருந்தும் விலை என்னவோ மலிவுதான், ஏனென்றால் அத்தனை இருக்கிறது. ராஜராஜன் செப்புக்காசும் அப்படித்தான். ஆயிரம் வருஷம் ஆகியும் மாணவர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. அதற்கு நேர்மாறாக, 1939-ஆம் வருஷம் போட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய், நம் தாத்தா காலத்துச் சரக்கு, எளிதில் நெருங்க முடியாத விலை. வயசைப் பார்த்து விலை வருவதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பார்த்து வருகிறது. இது தெரியாமல் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது, விலை தெரியாமல் மாட்டுச் சந்தைக்குப் போவது மாதிரி.

எனக்கு அது தெரியாது. அந்த 20 காசு ஒன்று என்னிடமும் இருந்தது. வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு துலக்கிய அன்று, அதையும் புளி போட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டேன். மேலே படிந்திருந்த பழுப்புத்தான் அதன் மதிப்பு என்று பிறகு ஒரு பெரியவர் சொல்லித் தெரிந்தது. முதல் பணத்தைப் புத்தகத்துக்குச் செலவழித்திருந்தால் அந்தக் காசு பிழைத்திருக்கும்.

இனி 1939-க்கு வருகிறேன். 2001-ஆம் வருஷம், ஜூன் மாதம். என் மகளுக்கு எஞ்சினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதிக்குக் கட்டவேண்டிய பணத்துக்காக என் மனைவி கட்டிவந்த சீட்டை எடுத்து, பீரோவில் வைத்திருந்தாள். அந்த வாரம் பார்த்து எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, "சார், உங்களுக்குன்னே வெச்சிருக்கேன்" என்று 1939 ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். 9,000 சொல்லி 7,500-க்கு இறங்கினார். நாளைக்கு ஒருத்தர் பெங்களூரிலிருந்து வருகிறார், அவர் பார்த்தால் போய்விடும் என்றார்.

நான் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன். தராசில் போட்டேன், 11.6 கிராம் காட்டியது. சரியான எடை. தரையில் தட்டினேன், வெள்ளிச் சத்தம். பஞ்சப்படி நிலுவை அடுத்த மாதம் வந்துவிடும், பீரோவில் எடுத்ததைத் திருப்பி வைத்துவிடலாம், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. இதுதான் அன்று நான் போட்ட பட்ஜெட். பில் கேட்கவில்லை. கேட்டால் சிநேகம் கெட்டுவிடும் என்று ஒரு கூச்சம். நாணயம் விற்கிறவரிடம் நாணயமும் இருக்கும் என்ற நம்பிக்கை வேறு.

நிலுவை வரவில்லை. விடுதிக்குப் பணம் கட்டும் நாள் வந்தது. பீரோவைத் திறந்த என் மனைவி, "என்னங்க, இதில இருந்த பணம் எங்க?" என்று ஒரு தடவைதான் கேட்டாள். நான் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையிலிருந்த இரண்டு வளையலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அது அடகுக்கடையிலிருந்து திரும்பி வரப் பதினாலு மாதம் ஆயிற்று. மகள் விடுதியில் சேர்ந்தாள், படித்தாள், அதில் குறை இல்லை. ஆனால் அந்தப் பதினாலு மாதமும் அவளுடைய வெறும் கைதான் எனக்குச் சாப்பாடு போட்டது.

அடுத்த வருஷம் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி. பெருமையாக அந்த ரூபாயை எடுத்துப் போனேன். ஒரு வயதான சேகரிப்பாளர் லென்சை வைத்து அரை நிமிஷம் பார்த்தார். "தம்பி, இது 1938. எட்டோட கீழ்வளையத்துல இடது பக்கத்தைச் சுரண்டி ஒன்பது ஆக்கியிருக்கான். பக்கத்துல பாருங்க, தளம் பள்ளமா இருக்கு" என்றார். எடையும் சரி, வெள்ளியும் சரி, சத்தமும் சரி. வருஷம் மட்டும் பொய். வியாபாரியிடம் போனேன். "என்கிட்டதான் வாங்கினீங்கன்னு என்ன சார் ஆதாரம்?" என்றார். ஆதாரம் இல்லை.

இதை வீட்டில் மறைக்கவில்லை, அந்த மட்டும் புத்தி வந்திருந்தது. என் மனைவி இதையும் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தாள். "வாங்கினதை மட்டும் எழுதாதீங்க. வாங்கணும்னு ஆசைப்பட்டு வாங்காம வந்ததையும் எழுதுங்க" என்றாள். பி.காம். படித்தவன் நான், இந்த யோசனை எட்டாங்கிளாஸ் படித்தவளுக்கு வந்தது.

அந்த நோட்டு என்னை மாற்றியது. காசின் பெயர், கேட்ட விலை, தேதி. வாங்காமல் வந்துவிடுவேன். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், பத்தில் ஏழு எட்டு ஏன் வேண்டும் என்று எனக்கே ஞாபகம் இருக்காது. மிச்சம் இரண்டு மூன்று அப்போதும் மனதில் நின்றால், அதற்குத்தான் பணம். இன்னொரு லாபமும் இருந்தது. ஒரே காசுக்கு நாலு இடத்தில் நாலு விலை கேட்டு எழுதி எழுதி, எந்த விலை நியாயம் என்பது தானாகவே படிந்துவிட்டது.

அதன் பிறகுதான் எல்லை போட்டேன். நயா பைசா மட்டும். 1957 ஏப்ரல் முதல் தேதி தசம நாணயம் வந்தது, 1964-இல் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அந்த ஏழு வருஷத்துக் காசுகள், வருஷ வாரியாக, அச்சகசாலை வாரியாக. முழுப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். எது இருக்கிறது, எது இல்லை என்று டிக் போட்டுக்கொண்டே போகலாம். மாதம் 300 ரூபாய் ஒதுக்கினேன். அதைச் செலவழித்தே தீரவேண்டும் என்று இல்லை. ஆறு மாதம் சேர்த்து, தேய்ந்த காசு ஆறு வாங்குவதற்குப் பதில் அச்சடித்த மெருகு போகாத காசு ஒன்று வாங்கினேன். தேய்ந்த காசை வாங்கினால், பிறகு நல்லது கிடைக்கும்போது அதையும் வாங்குவோம். ஒரே இடத்துக்கு இரண்டு செலவு.

வெள்ளி ரூபாய் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரூபாயின் 11.66 கிராமில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம். கடைக்குப் போகுமுன் அன்றைய வெள்ளி விலையைப் பார்த்து, இதை மட்டும் மனதில் பெருக்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்பதெல்லாம் நாணயத்துக்கான விலை, அது தகுமா என்று யோசிக்கலாம். 1940-க்குப் பிறகு வந்தவற்றில் வெள்ளி பாதிதான். 1947-இல் வந்த ரூபாய் முழுக்க நிக்கல். பூஜை அறையில் அதை வெள்ளி என்று வைத்திருப்பவர்கள் உண்டு, அவர்களிடம் நான் எதுவும் சொல்வதில்லை.

ஏலத்தில் வாங்குகிறவர்கள் பின்னாலிருந்து கணக்குப் போடவேண்டும். கையில் 10,000 இருந்தால் 10,000-க்குக் கேட்கக்கூடாது. ஏலத்தொகைக்கு மேல் ஏலக்காரர் கமிஷன், அதற்கு வரி, தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் வரும். 8,000-த்தோடு கையை இறக்கிவிட வேண்டும். அந்த எண்ணை ஏலத்துக்கு முந்தின நாளே நோட்டில் எழுதி வையுங்கள், ஏல நேரத்தில் ரத்தம் சூடாகிவிடும்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: கையில் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பர்சைத் திறந்து சில்லறையில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைர வடிவம் மும்பை, வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. முக மதிப்புக்கே ஒரு சேகரிப்பு கிடைக்கும். 1995 தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, 2009-இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் எல்லாம் சில்லறையாகப் புழங்கியவைதான். ஆனால் பழைய 5 ரூபாய்க்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிசர்வ் வங்கியே தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021-இல் எச்சரித்தது. நிலத்தில் புதையலாகக் கிடைத்த காசைக் கண்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லிருந்தே சட்டம் இருக்கிறது, அதையும் மனதில் வையுங்கள்.

என் வயசு நண்பர்களுக்கு ஒன்று. என்னைவிடப் பெரிய சேகரிப்பு வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். எது என்ன விலை என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. காரியச் செலவுக்கு வீட்டார் வெள்ளியை எடைக்குப் போட்டார்கள், செம்பை ஒரு பையில் கட்டி யாருக்கோ கொடுத்தார்கள். எனக்குத் தகவல் வந்தபோது பதினாறாம் நாள் முடிந்திருந்தது. அன்று இரவே என் நோட்டில் இன்னொரு பத்தி சேர்த்தேன்: வாங்கிய விலை, இன்று விற்றால் வரக்கூடிய விலை, நம்பிக் காட்டக்கூடிய இரண்டு பேரின் பெயர். வருஷா வருஷம் பொங்கல் லீவில் என் மனைவி படிக்க, நான் திருத்துவேன். போன பொங்கலில் ஒரு காசுக்கு நான் சொன்ன விலையைக் கேட்டு, "இவ்வளவு வராதுங்க, குறைச்சு எழுதுங்க" என்றாள். விசாரித்துப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி.

அந்தப் பொய் 1939 ரூபாயை நான் விற்கவில்லை. விற்றால் நானும் அந்த வியாபாரி ஆகிவிடுவேன். இதோ சட்டைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன், லென்சும் இருக்கிறது. டீ நேரத்தில் அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன். எட்டு எங்கே ஒன்பதாகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் கணக்குக் கேட்பார்கள்.